மைனியின் பித்தப்பையும் நான்கு கை இயந்திரமும்

போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு முடிந்து வந்த ராத்திரி, மைனிக்கு, அதாவது என் அண்ணன் மனைவிக்கு, வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. வலி தோள்பட்டை வரை ஏறியது. வாயு என்று நினைத்து சுக்கு வெந்நீர் குடித்துப் படுத்துவிட்டார். மூன்றாவது தடவையும் அப்படியே வந்தபோதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கற்கள்.

தக்கலையில் குடியிருப்பவர்களுக்கு எப்போதும் இந்தக் குழப்பம் உண்டு. கிழக்கே போனால் நாகர்கோவில், மேற்கே போனால் மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் பெரிய நோய் என்றால் இன்றைக்கும் பாதிப் பேருக்குக் கால் மேற்கே திரும்புகிறது. அண்ணன் மகன் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறான். அவன் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். சாயங்காலம் எனக்கு வாட்ஸப்பில் ஒரு தாள் வந்தது. ஒரே தாளில் இரண்டு எஸ்டிமேட். சிறு துளை வழியே டாக்டர் தன் கையால் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்றால் 1,05,000 ரூபாய். ரோபோட்டிக் என்றால் 2,60,000.

கூடவே மைனியின் போன். "எனக்கு ஒண்ணும் தெரியாது பிள்ளே. ரோபோ வச்சு செஞ்சா ரத்தம் போவாது, சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்ண்ணு அந்தக் கவுண்டர்ல சொல்லுதாவ. நீ ஆஸ்பத்திரியில இருந்தவதானே, நீயே சொல்லு."

நான் நாகர்கோவிலில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் 18 வருஷம் இருந்தேன். வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மெஷின் ஆஸ்பத்திரிக்குள் வந்தால் அதன் தவணை எங்கிருந்து கட்டப்படுகிறது என்பது நன்றாகத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். மைனிக்குப் போனில் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக.

முதலில் ரோபோ என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மைனி அது தானாகவே ஆபரேஷன் செய்யும் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. டாக்டர் அதே தியேட்டரில் சற்றுத் தள்ளி ஒரு கன்சோலில் உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்துக்கொண்டே கைப்பிடிகளை அசைப்பார். நோயாளி பக்கத்தில் நிற்கும் இயந்திரத்தின் நான்கு கைகளில் ஒன்று கேமராவைப் பிடித்திருக்கும், மற்றவை கருவிகளைப் பிடித்திருக்கும். கருவியின் நுனி நம் மணிக்கட்டு மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும். கை நடுக்கம் உள்ளே போகாது. சாதாரண லேப்ராஸ்கோப்பியிலும் இதே சிறு துளைகள்தான், வயிற்றுக்குள் இதே கார்பன் டை ஆக்சைடு வாயுதான், இதே கேமராதான். கருவி மட்டும் நேரான நீளக் கம்பி, அதை டாக்டர் நின்றுகொண்டு தன் கையால் பிடித்திருப்பார். ஆக, மைனிக்கு இரண்டிலும் வயிற்றில் விழுவது நாலு சின்னத் தழும்புதான்.

இந்த இயந்திரங்களில் உலகம் முழுக்கப் பரவியது டா வின்சி. அதைச் செய்யும் இன்ட்யூட்டிவ் சர்ஜிக்கல் என்ற அமெரிக்க கம்பெனி 1995-ல் தொடங்கியது, 2000-ல் அங்கே அனுமதி கிடைத்தது. அந்தக் கம்பெனியின் வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கருவிகள், பராமரிப்பு, வாடகை என்று திரும்பத் திரும்ப வருகிற பணம். மெஷின் விற்கும் பணம் மீதிதான். ஒரு கணக்குக்காரிக்கு இந்த ஒரு வரி போதும், மீதி எல்லாம் புரிந்துவிடும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எனக்கு வசதியாக நான் வைத்துக்கொண்டவை. உண்மையான விலை மாடலைப் பொறுத்தும் பேரத்தைப் பொறுத்தும் ஏறும், இறங்கும். ரோபோ 12 கோடி என்று வையுங்கள். எட்டு வருஷம் ஓடும் என்றால் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி. பராமரிப்பு ஒப்பந்தம் வருஷத்துக்கு ஒரு கோடி. வட்டியை விட்டுவிடலாம். மொத்தம் வருஷம் இரண்டரைக் கோடி. இந்தப் பணம், ஒரு ஆபரேஷன்கூட நடக்காவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும். வருஷம் 100 கேஸ் நடந்தால் ஒவ்வொருவர் தலையிலும் இரண்டரை லட்சம். 250 நடந்தால் ஒரு லட்சம். 500 நடந்தால் ஐம்பதாயிரம்.

இப்போது லேப்ராஸ்கோப்பி. கேமரா, மானிட்டர், வாயு செலுத்தும் கருவி, லைட் சோர்ஸ் எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கி வைத்திருப்பதை டவர் என்பார்கள். நல்ல டவர் 40 லட்சம் என்று வையுங்கள். எட்டு வருஷத்துக்குப் பிரித்தால் வருஷம் ஐந்து லட்சம், பராமரிப்பு மூன்று லட்சம், ஆக எட்டு லட்சம். வருஷம் 400 கேஸ் நடந்தால் தலைக்கு 2,000 ரூபாய்.

இரண்டாயிரம் எங்கே, ஒரு லட்சம் எங்கே!

கருவிச் செலவு இதற்கு மேலே. ரோபோவின் கருவிகளுக்குள் ஒரு சிப் இருக்கும், எத்தனை தடவை பயன்படுத்தினார்கள் என்று அது எண்ணிக்கொண்டே வரும். பெரும்பாலான கருவிகளுக்குப் பத்து தடவைதான் ஆயுள் என்று பல வருஷம் வைத்திருந்தார்கள். 2020-ல் சிலவற்றுக்கு 12 முதல் 18 வரை கூட்டினார்கள். கணக்கு முடிந்ததும், நுனி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இயந்திரம் அந்தக் கருவியை ஏற்காது. ஒரு கருவி ஒன்றரை லட்சம், பத்து தடவை என்றால் ஒரு தடவைக்குப் பதினைந்தாயிரம். ஒரு ஆபரேஷனுக்கு நாலு கருவி என்றால் அறுபதாயிரம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பிக் கருவிகளின் ஆயுளைத் தீர்மானித்தது சிப் இல்லை, ஸ்டெரிலைசேஷன் அறையில் இருந்த ஒரு சிஸ்டர். சாயங்காலம் கருவிகளைக் கழுவி, பிரித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒவ்வொரு கம்பியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கம்பியின் மேலிருக்கும் கறுப்பு உறை எங்காவது கீறியிருந்தால் அதன் வழியே கரன்ட் கசிந்து குடலைச் சுட்டுவிடும். அதற்காகத்தான் அந்தப் பார்வை. நகத்தால் தடவிப் பார்த்து, சந்தேகம் வந்தால் தனியே எடுத்து வைத்துவிடுவார். அவர் தனியே வைத்ததை எந்த டாக்டரும் திரும்ப எடுத்ததில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு கம்பி நூற்றுக்கணக்கான ஆபரேஷனுக்கு வரும்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பித்தப்பையை அறுத்ததும் அதைச் சின்னத் துளை வழியே வெளியே எடுக்க ஒரு பை வேண்டும், இல்லாவிட்டால் கல்லோ கிருமியோ உள்ளே சிந்திவிடும். அதற்கென்று விற்கும் பைக்கு அப்போதே ஆயிரக்கணக்கில் விலை. எங்கள் டாக்டர்கள் ஸ்டெரைல் கையுறையை எடுத்து, விரல்களை முடிச்சுப் போட்டு வெட்டிவிட்டு, அதையே பையாக உள்ளே விடுவார்கள். மாசக் கடைசியில் ஸ்டாக் பார்க்கும்போது பை குறையாமல் கையுறை மட்டும் குறைந்திருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த சமயம், ஏதோ தப்பு நடக்கிறது என்று நினைத்து ஸ்க்ரப் நர்ஸிடம் கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்து ஒரு கையுறையை எடுத்துச் செய்தே காட்டினார். இந்தியாவில் நிறைய இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அப்பெண்டிக்ஸுக்கும் அப்படித்தான். அடியைக் கட்ட ஸ்டேப்ளர் வாங்காமல், நூலில் வெளியிலேயே சுருக்கு முடிச்சு போட்டு, கம்பியால் உள்ளே தள்ளி இறுக்குவார்கள்.

லேப்ராஸ்கோப்பி நம் ஊர்களுக்கு வந்து வேரூன்றியதற்கு இந்த மாதிரிச் சிக்கனமும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். 1990-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப்பிப் பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார், ஓர் அரசு ஆஸ்பத்திரியில். அடுத்த வருஷமே கோயம்புத்தூரில் டாக்டர் பழனிவேலு தொடங்கினார். பெரிய வெட்டு போட்டுப் பத்து நாள் படுத்திருந்த நோயாளி, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போனார். அந்த வித்தியாசம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் குளச்சலில் கட்டுமரம் தள்ளுகிறவருக்கும் ஆபரேஷன் செலவில் பாதி, வேலைக்குப் போகாத நாட்களின் கூலிதான். அது பில்லில் வராது. லேப்ராஸ்கோப்பி அந்தச் செலவைக் குறைத்தது.

ரோபோ விஷயத்தில் நான் தேடியதும் அதே மாதிரி ஒரு வித்தியாசத்தைத்தான். வெட்டிலிருந்து துளைக்குப் போனபோது கிடைத்தது, துளையிலிருந்து துளைக்குப் போகும்போதும் கிடைக்கிறதா? பல ஆபரேஷன்களில் கிடைக்கவில்லை. 2013-ல் அமெரிக்காவில் கர்ப்பப்பை எடுத்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைப் பார்த்தார்கள். ரோபோவிலும் லேப்ராஸ்கோப்பியிலும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவு, ரோபோவில் ஒரு ஆளுக்குச் செலவு 2,000 டாலருக்கு மேல் கூடுதல். 2017-ல் சிறுநீரகம் எடுக்கும் ஆபரேஷனைப் பார்த்தபோதும் சிக்கல்கள் சமம். ஆனால் ரோபோவில் செய்ததில் 46 சதவீதம் பேருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, லேப்ராஸ்கோப்பியில் 26 சதவீதம் பேருக்கு. தியேட்டர் நேரம் என்பது பணம். அந்த நேரத்தில் வெளியே ஸ்ட்ரெச்சரில் ஒருவர் காலையிலிருந்து பட்டினியாகக் காத்துக் கிடப்பார்.

மைனிக்கு வேண்டிய பித்தப்பை விஷயத்தில்தான் எனக்குப் பயமே வந்தது. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில் இருந்த பத்து லட்சம் பேருக்கு மேல் பார்த்து 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. பித்தநாளத்தில் காயம் பட்டு அதைச் சரிசெய்ய வேண்டிவந்தது லேப்ராஸ்கோப்பியில் 0.2 சதவீதம், ரோபோவில் 0.7 சதவீதம். ஏன் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. ரோபோவுக்குப் புதிதாக மாறியவர்கள் எளிதான கேஸ் என்று பித்தப்பையில் கை பழகியிருக்கலாம் என்று ஒரு கருத்து. அது உண்மையென்றால், மைனி அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி மெஷினைப் பற்றியதே இல்லை. அந்த டாக்டர் அந்த மெஷினில் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்பதுதான்.

ரோபோ வேண்டாத சாமான் என்று நான் சொல்லவில்லை. ஆண்களின் இடுப்பெலும்புக் குழிக்குள், ஆழத்தில், குறுகலான இடத்தில் புரோஸ்டேட் இருக்கிறது. அங்கே நேர்க்கம்பியை வைத்துக்கொண்டு தையல் போடுவது மிகக் கஷ்டம், அதைக் கற்றுத் தேறவே பல வருஷம் ஆகும். மணிக்கட்டு மாதிரி திரும்பும் நுனி அங்கே நிஜமாகவே கைகொடுக்கிறது. சிறுநீரகத்தில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றுவதற்கும் அது உதவும். மலக்குடல் புற்றுநோயில் 471 பேரை வைத்து ஒரு பெரிய பரிசோதனை நடந்து 2017-ல் முடிவு வந்தது. பாதியில் விட்டுவிட்டு வயிற்றைத் திறக்கவேண்டி வந்தது ரோபோவில் 8.1 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 12.2. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் முடிவு எழுதினார்கள். என்றாலும் அந்த இடத்தில் எனக்கு வேண்டியவர் யாராவது படுத்திருந்தால் நான் யோசிப்பேன். இன்னொன்று, மணிக்கணக்காகக் குனிந்து நின்று கழுத்தும் தோளும் போன டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை உட்காரவைத்ததே பெரிய புண்ணியம்.

சரி, அப்படியென்றால் பித்தப்பைக்கு ஏன் ரோபோவைச் சொல்கிறார்கள்? மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். வருஷம் 250 கேஸ் என்றால் வாரத்துக்கு ஐந்து. ஒரு ஊரில் வாரம் ஐந்து புரோஸ்டேட் புற்றுநோய் வராது. பித்தப்பை, ஹெர்னியா, கர்ப்பப்பை இவைதான் வாரா வாரம் வரும். மெஷினுக்குத் தீனி வேண்டும்.

இதை நான் ரோபோவுக்கு முன்பே பார்த்தவள். எங்கள் ஆஸ்பத்திரியில் கடன் வாங்கி ஒரு பெரிய ஸ்கேன் மெஷின் வைத்தார்கள். மாசா மாசம் ஐந்தாம் தேதி தவணை. மூன்றாம் தேதி நான் ஒரு தாள் அடித்துக் கொடுக்க வேண்டும், எந்த டாக்டர் எத்தனை பேரை ஸ்கேனுக்கு அனுப்பினார் என்று. யாரும் யாரையும் திட்டியதில்லை. தாளை மேஜையில் வைப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த மாசம் எண்ணிக்கை கூடியிருக்கும். அந்தத் தாளை அடித்தது என் கைதான் என்பது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் நகை அடகு வைத்த ஒரு குடும்பம் இருந்திருக்கலாம்.

லேப்ராஸ்கோப்பியும் இதற்கு விலக்கு இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அது வந்தபிறகு பித்தப்பை எடுப்பவர்கள் 28 சதவீதம் கூடினார்கள். 1994-ல் வந்த ஆய்வு இது. ஒரு ஆபரேஷனுக்கான ஆபத்து குறைந்தது, ஆனால் ஆபரேஷன்கள் கூடியதால் இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை. வலியே தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். வழி சுலபமானதும் அதையும் எடுக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று அண்ணன் சொன்னார். 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ரோபோ ஆபரேஷன் போன்ற நவீன சிகிச்சைகளை அடியோடு ஒதுக்கக்கூடாது என்று கம்பெனிகளுக்குச் சொன்னது உண்மை. ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைக்கும் பாலிசிகள் உண்டு. அண்ணனின் பாலிசியை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். பதினேழாவது பக்கத்தில் இருந்தது அந்த வரம்பு. ரோபோவில் செய்திருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போயிருக்கும். இதைக் கவுண்டரில் யாரும் சொல்லவில்லை.

அரசு பக்கம் நிலைமை வேறு. சென்னை ஓமந்தூரார் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவை சிகிச்சை மையம் திறந்தார்கள். எளியவர்களுக்கும் இது கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் தவணைத் தாள் இல்லை, அதனால் ரோபோவை அது நிஜமாக உதவும் நோய்களுக்கு மட்டும் ஒதுக்கி வைக்க முடியும். நம் மாவட்டத்திலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர், கூட ஒருவர் போய்த் தங்க வேண்டும், அந்தச் செலவு தனி. விலையும் இப்படியே இருக்காது. குருகிராமில் எஸ்எஸ்ஐ மந்த்ரா என்ற இந்திய ரோபோவைச் செய்து 2022-லிருந்து விற்கிறார்கள், வெளிநாட்டு இயந்திரத்தைவிட மிகக் குறைந்த விலையில். மெஷின் விலை இறங்கினால் மேலே போட்ட கணக்கில் முதல் வரி மாறும். ஆனால் கருவியை எத்தனை தடவை பயன்படுத்தலாம், பராமரிப்புக்கு எவ்வளவு என்கிற வரிகளும் மாறினால்தான் நோயாளிக்குப் போய்ச் சேரும்.

இதையெல்லாம் யோசிக்கும்போது நம் மாவட்டத்து நெய்யூர் நினைவுக்கு வராமல் இருக்காது. 1838-ல் லண்டன் மிஷன் டாக்டர் ராம்சே தொடங்கிய ஆஸ்பத்திரி. எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய டாக்டர் சாமர்வெல் 1922-ல் ஊர் திரும்பும் வழியில் இங்கே வந்தார். அத்தனை கூட்டத்துக்கு ஒரே ஒரு சர்ஜன் நிற்பதைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். தென் திருவிதாங்கூர்க்காரர்களின் வயிற்றுப்புண்ணுக்கு ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்தவர். எங்கள் பாட்டி "சாமர்வெல் தொரை" என்றுதான் சொல்வார். அவர் அவ்வளவு பாடுபட்டுச் செய்த அந்த ஆபரேஷன் இன்றைக்கு அநேகமாக இல்லை, ஏனென்றால் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு வாரம் மாத்திரை. மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கொடுத்தது அதற்குத்தான். வயிற்றுக்குள் கை விடுவதற்கு நல்ல வழி எது என்று தேடிக்கொண்டிருந்தபோது, கை விடவே வேண்டாம் என்றாகிவிட்டது.

மைனிக்கு நாகர்கோவிலிலேயே லேப்ராஸ்கோப்பியில் செய்தோம். டாக்டரிடம் நான் இரண்டு கேள்விதான் கேட்டேன். இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்கு வயிற்றைத் திறக்க வேண்டிவந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. வருஷத்துக்கு இருநூறுக்குக் குறையாது என்றார். போன வருஷம் மூன்று பேருக்குத் திறந்ததாகவும், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கத் தயங்குகிறவரிடம் போகாதீர்கள் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுத் தியேட்டருக்குள் போனார் மைனி. ஞாயிற்றுக்கிழமை தக்கலை வந்துவிட்டோம்.

கற்களை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், மிளகு மாதிரி பதினோரு கல். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பழக்கதோஷத்தில் பில்லை வரி வரியாகப் படித்தேன். பித்தப்பையை வெளியே எடுக்கும் பை என்று எந்த வரியும் இல்லை. இரண்டாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரியில், "ஸ்டெரைல் கையுறை, ஏழரை சைஸ்" என்று இருந்தது. வழக்கத்தைவிட ஒரு ஜோடி கூடுதல்.